வரப்போரத்துத் துளசியும் கொத்தமல்லியும்

ஜீயபுரம்
ஜனவரி 20

அன்பு மகள் லிசிக்கு,

அம்மா டோரதி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நியூசிலாந்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான்.

பக்கத்துத் தோட்டத்து ஜோதியைப் பார்த்து எனக்கு ஒரு வருஷமாக வயிறு எரிகிறது. தேனீக்களைப் பற்றிப் படிக்கிறவள் நீ, லீவில் வந்தபோது கொய்யா மரங்களுக்கு நடுவே பூச்செடி வை அம்மா, தேனீ வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாய், கொய்யாவுக்கு விடுகிற தண்ணீரைப் பூச்செடி குடிக்கவா என்று நான்தான் சிரித்தேன். பக்கத்தில் நின்று கேட்ட ஜோதி வரப்போரம் முழுக்கத் துளசி, சூரியகாந்தி, கொத்தமல்லி என்று வைத்துவிட்டாள், கொத்தமல்லியைக் கிள்ளாமல் பூக்கவும் விட்டாள். அவள் மரங்களில் ஒரே ரீங்காரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் நிஜாமுதீன் பாய் என் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு அவள் கூடையைப் பிரிக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து களை எடுத்துக்கொண்டிருக்கையில் வேலிக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. அவள் செல்போனில் செடிகளைக் காட்ட, நீ முக்கால் மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினாய். அன்றைக்கு என்னிடம் பேசியது பத்து நிமிஷம், சாப்பிட்டியாம்மா, அப்பா எங்கே, அவ்வளவுதான்.

அக்டோபரில் அவள் ஒரு கல்யாணத்துக்காக மணப்பாறை போயிருந்தபோது, அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் இருந்த அத்தனையையும் அறுத்துப் போட்டேன் லிசி. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. திரும்பி வந்தவளிடம் பாம்பு நடமாட்டமாக இருந்தது, அதனால் அறுத்தேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் குனிந்து தண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், வாடிய துளசிப் பூவில் அப்போதும் இரண்டு தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும்க்கா, கோழிக் கூண்டுக்குள்ள புகுந்த சாரையை வாலைப் பிடிச்சு இழுத்துப் போட்டவங்க நீங்க, பாம்புக்கா பயப்படுவீங்க" என்றாள். "லிசிகிட்ட நான் சொல்லலைங்க, நீங்களே சொல்லிக்குங்க, ஆனா அறுத்த கையாலேயே விதைச்சுக் குடுங்க" என்று விதைப் பையை நீட்டினாள். முந்நூறு அடி வரப்பை நானே கொத்தி விதைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அவள் அந்தப் பக்கம் நின்று பார்த்தாளே தவிர இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் கேக் கொண்டு போனபோதுதான் உள்ளே வாங்கக்கா என்றாள்.

இப்போது வரப்பின் இரண்டு பக்கமும் பூத்திருக்கிறது, நம் பக்கத்துக்கும் நானே ஒரு வரிசை போட்டுவிட்டேன். ஆனாலும் தேனீ முதலில் அவள் பக்கம் போனால் மனசு சுருக்கென்கிறது, அது இன்னும் போகவில்லை, உன்னிடம் மறைப்பானேன். என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குளிர்காலம் வருமுன் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள். மாதா உன்னைக் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். மறந்துவிடாமல் ஒன்றுக்குப் பதில் எழுது. மோட்டார் கொட்டகை மண்சுவரில் துளை போட்டுக்கொண்டு, வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தேனீ போய் வருகிறது, நம் துளசிக்குத்தான் வருகிறது. அதற்கு என்ன பெயர்? ஜோதிக்குத் தெரிந்திருக்கும், நான் அவளிடம் கேட்கவில்லை.

உன் பதிலுக்காக இருக்கும்,
அம்மா டோரதி