திரையில் வந்த வரி

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? கையால் எழுதியிருக்கிறேனே என்று யோசிக்காதீர்கள். இன்று என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே மேசையில் இருப்பது வெறும் திரை. கம்ப்யூட்டர் எங்கோ ஒரு சர்வருக்குள் இருக்கிறது. பழுது பார்ப்பது என் வேலை. நேற்று கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார்.

"பூட் டிஸ்க் இல்லன்னு வருதுப்பா. கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். கம்ப்யூட்டர் திறக்கத் தேவையான அந்த டிஸ்க் பழுதாகவில்லை, மேலிடத்து உத்தரவில் கழற்றியிருந்தார்கள். வேலையிலிருந்து அனுப்பப்போகிறவர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை.

"சரியாயிடுமா?"

"பாத்துட்டிருக்கேன்க்கா."

எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. வீணாக எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லக் காவலாளி அட்டைப்பெட்டியோடு பக்கத்தில் போய் நிற்கும்வரை, அக்கா தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

இன்று காலை என் திரையிலும் அதே வரி. நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

மாடி அறையை இன்னும் வாடகைக்கு விடவில்லையென்றால், விட வேண்டாம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். காவலாளி அட்டைப்பெட்டியோடு எங்கள் வரிசைப் பக்கம் திரும்பிவிட்டார். நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்