நீலம் போட்ட சேலை

மாமா,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நேற்று உங்கள் பெரிய மருமகன் போன் செய்தார். உங்கள் முதலாண்டு நினைவுப் பூசைக்குச் சிறு மலர் ஒன்று அச்சடிக்கிறார்களாம். மற்றவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், நான்தான் பாக்கியாம். "உங்க ரெண்டு புள்ளைங்களையும் மாமாதானே தூக்கி வளத்தாரு சகல, அதையே ஒரு பக்கம் எழுதுங்களேன்" என்றார். சரி என்று போனை வைத்துவிட்டுப் பரண் மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். அந்தச் சேலை அடியில் இருந்தது. மஞ்சள் நிறத்தில் மெல்லிய வாயில் துணிச் சேலை. இரண்டு முனையிலும் தூளி முடிச்சின் சுருக்கம் இன்னும் அப்படியே நிற்கிறது. நடுவில் ஆங்காங்கே பச்சையாகத் திட்டு. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை மஞ்சள் சேலைக்கும் போட்டால் வேறு என்ன ஆகும்? முகத்தில் வைத்துப் பார்த்தேன். தகரத்தின் துரு வாசனை. அதற்கு அடியில் சவுக்காரம். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று ஆக்கியவர் நீங்கள்.

உங்கள் மீது எனக்குக் கோபம் கல்யாணத்தன்றே ஆரம்பித்தது. கோயில் வாசலில் யாரோ மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்க, "எம்.ஏ.ன்னு சொன்னாங்க. இன்னும் படிச்சிக்கிட்டேதான் இருக்காரு" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கல்லூரியில் எனக்கு அப்போதும் தற்காலிக வேலைதான், அதற்குப் பிறகும் வெகுகாலம் தற்காலிக வேலைதான். ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து விமானம் ஏறியது நான் அல்ல, உங்கள் மூன்றாவது மகள். குவைத்தில் நர்ஸ் வேலை. மகனுக்கு இரண்டரை வயது. மகளுக்கு ஏழு மாதம், இன்னும் பால்குடி மறக்கவில்லை.

கிளம்பும் அன்று அவள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து, துவைக்காமல் அப்படியே தூளி கட்டிவிட்டு, வேறு சேலைக்கு மாறினாள். "இத மட்டும் தோய்ச்சிடாதீங்க. இதுல படுத்தாத்தான் அவ தூங்குவா" என்றாள்.

என் அம்மா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அத்தை உங்கள் மூத்த மகளின் பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பியதும் குழந்தைகள் இருவரையும் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விடுவது, நான் ஞாயிறுதோறும் வந்து பார்த்துக்கொள்வது என்று உங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், ரெக்சின் பையும் குடையுமாக திருக்காட்டுப்பள்ளி வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பழைய விசில்.

"அத்தை வர்ற வரைக்கும் நான் இருக்கேன் மாப்பிள்ளை. அப்புறம் வண்டி வரும். புள்ளைங்களோட துணிமணியெல்லாம் ஒரு பக்கமா எடுத்து வச்சிருங்க."

என் வீட்டு வாசலில் நின்று என் பிள்ளைகளை மூட்டை கட்டச் சொன்னீர்கள். நான் "உள்ள வாங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

உங்களைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இரண்டாம் நாளே வெளிவந்தது. குழந்தை உங்கள் மடியில் இருந்தாள். நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை! மாப்பிள்ளை! ஓடியாங்க!" என்று அலறினீர்கள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"தல துடிக்குது! இங்க பாருங்க, உச்சியில... டாக்டர்கிட்ட போவணும், சட்டைய மாட்டுங்க!"

"மாமா, அது உச்சிக்குழி. எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் துடிக்கும்."

"எல்லாத்துக்குமா?"

"உங்க பொண்ணுங்களுக்கும் துடிச்சிருக்கும்."

அஞ்சு பெண் பெற்றவர். ஒரு பிள்ளையின் உச்சியைக்கூடப் பார்த்ததில்லை. எப்போதும் விழுப்புரத்திலோ மானாமதுரையிலோ இருந்திருக்கிறீர்கள். உங்களை மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் நீங்கள் வெட்கப்படவில்லை. உச்சியைத் தொடாமல் விரலை அதற்கு மேலே பிடித்தபடி, "இவ்வளவு மெல்லிசா வச்சா அனுப்புவாரு ஆண்டவர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏழு மாதமாக என் வீட்டில் இருந்த தலைதான். அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பூனைமுடிக்குக் கீழே ஏதோ ஒன்று விடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பால் ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு நம் வீட்டில் இரண்டு முட்டாள்கள். ராகிக் கூழ் கட்டி தட்டியது. வேர்க்குருவுக்கு நீங்கள் சந்தனம் என்றீர்கள், நான் பவுடர் என்றேன். இரண்டையும் போட்டுக் குழந்தை திருநாள் சப்பரம் மாதிரி ஆனாள். மகன் அருள் உங்கள் விசிலைக் கைப்பற்றிக்கொண்டான். அவன் ஊதினால் நாம் இருவரும் நிற்க வேண்டும். பச்சைத் துண்டைக் காட்டினால்தான் நகரலாம். கையில் சூடான சோற்றுப் பானையோடு நான் கூடத்தில் நின்றிருக்கிறேன். "சிக்னல் விழல மாப்பிள்ளை, நில்லுங்க" என்று நீங்கள் அவன் பக்கம் பேசுவீர்கள். எதிர்வீட்டு லட்சுமியம்மா வாசலில் நின்று, "ரெண்டு ஆம்பளைய ஒரு சின்னப்பய கட்டி மேய்க்கிறானே!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

சாயங்காலம் ஆற்றுக்குப் போவோம். காவிரி மணலாகக் கிடந்தது. ஊரார் தோண்டியிருந்த ஊற்றில் கையால் மணலை விலக்கினால் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அருள் அதைத் தன் சொத்தாக நினைத்தான். கலக்கிவிட்டு, தெளிகிறவரை குந்தியிருந்து பார்ப்பான். மறுபடி கலக்குவான். ஒவ்வொரு முறை தெளியும்போதும் முதல்முறை பார்ப்பது போல "வந்துச்சு தாத்தா!" என்பான். நீங்களும் முதல்முறை போலவே "வந்துச்சா!" என்பீர்கள். உங்களுக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்று உங்கள் மகள்களில் ஒருத்தியும் எனக்குச் சொன்னதில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாளும் எனக்குள் அந்த வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. தெருமுனையில் கார் சத்தம் கேட்டால் கை தானாகக் குழந்தையிடம் போகும்.

அப்புறம் அந்தச் சேலை. சொன்னேன், மாமா. அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் உங்களிடம் சொன்னேன். "பால் கக்கி புளிச்சு நாறுது. புள்ளைக்கு சொறி வரும்" என்றீர்கள். நான் கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் அது கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலச் சொட்டு வடிந்து தரையில் கோடு போட்டிருந்தது.

மத்தியானம் குழந்தையைத் தூளியில் போட்டோம். மூக்கைத் துணியில் வைத்துத் தேடினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு அழுதாள். பசி அழுகை, தூக்க அழுகை எல்லாம் எனக்குப் பழகியிருந்தது. இது வேறு. யாரையோ கூப்பிடுகிற அழுகை. வாயில் பால் வைத்தால் துப்பினாள். தோளில் போட்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மின்சாரம் வேறு போய்விட்டது. அருள் பயந்துபோய் விசிலைக் கீழே வைத்துவிட்டான்.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். கொல்லையில், தூளியிலிருந்து அவிழ்த்த அந்தச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முகத்தை அதில் வைத்தீர்கள். குழந்தை தேடிய மாதிரியேதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உங்கள் மகள் அதில் இல்லை. முகத்தை எடுத்தபோது மூக்கு நுனியில் நீலம் ஒட்டியிருந்தது. சிரிக்க வேண்டிய காட்சி. என்னால் முடியவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் ஒருவர் அத்தனை சீக்கிரம் சின்னதாகிப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே வந்து உங்கள் வேட்டியைத் தூளி கட்டினீர்கள். அவள் வீறிட்டாள். அதுவும் சவுக்காரம்தானே. என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"கழட்டுங்க."

"எதை?"

"கைலிய."

"மாமா!"

"அட, நான் பாக்காததா? என் வேட்டிய எடுத்துக் கட்டிக்குங்க. சீக்கிரம்!"

அந்தக் கைலியைத் துவைக்கவில்லை என்று வந்த நாளிலிருந்து என்னைக் குத்திக்கொண்டிருந்தவர் நீங்கள். அதில்தான் தூங்குவேன், அதில்தான் அவள் என் வயிற்றின் மேல் படுத்துப் பாலைக் கக்குவாள். அதை உத்திரத்தில் கட்டி அவளைப் போட்டீர்கள். அழுகை நடுவிலேயே நின்றது. மூக்கைத் துணியில் அழுத்தினாள். ஒரு விம்மல், இன்னொரு விம்மல். ஒரு கை தூளிக்கு வெளியே வந்து தொங்கியது. தூங்கிவிட்டாள்.

நாம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். என்னை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை, மாமா. எத்தனை நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறேன்! பல் முளைக்காத அந்தப் பிள்ளை மூக்கால் முகர்ந்து பார்த்து, இவன் போதும் என்று முடிவு செய்திருந்தாள். இன்று நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

வண்டி வந்தது. அத்தை முன் ஸீட்டில். துணிமணி மூட்டை நீங்கள் சொன்னபடி வாசலில் தயாராக இருந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். தர மாட்டேன் என்று சொல்லப் பல நாளாக ஒரு நீண்ட பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். நீங்கள் பேச விடவில்லை.

"வண்டியத் திருப்பச் சொல்லு" என்றீர்கள் அத்தையிடம்.

"என்னங்க பேசறீங்க? அவருக்குப் புள்ள வளக்க என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியுமா? ஒனக்கு மட்டும் வயித்துலேருந்தே தெரிஞ்சுதா? புள்ளை அவர் வாசனைக்குப் பழகிட்டா. ஒரு தடவ நான் கலைச்சிட்டேன். இன்னொரு தடவ கலைக்கக்கூடாது."

வெள்ளிக்கிழமை மருந்துக்கடை போனுக்குக் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. "புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தீர்கள். சேலையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். விசிலை அருளிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு அவள் திரும்பி வரும்வரை நான்தான். காய்ச்சலும் கக்குவானும் முதல் அடியும் முதல் பல்லும், நான்தான்.

அதனால்தான் அருள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் நீங்கள் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பந்தியில் உங்கள் பெரிய மருமகன் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "பொண்டாட்டி குவைத்துல ஊசி போட்டா. நம்ம சார் வீட்டுல தாலாட்டுப் பாடி கோவணம் தோய்ச்சாரு." ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இலையிலிருந்து தலை நிமிராமல் நீங்கள் சொன்னீர்கள்: "அவர் எங்க தோய்ச்சாரு? நான்ல தோய்ச்சேன். ரெண்டு புள்ளையையும் நான்தான் வளத்தேன். என்னப் பாத்து சிரிங்க."

உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. துணிவு ஏது? "மாமா மாதிரி வருமா!" என்று பேச்சு மாறியது. அன்றிலிருந்து அது குடும்பத்தின் கதையாகிவிட்டது. ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியத்தை என் கண் முன்னே எடுத்து உங்கள் தோளில் போட்டுக்கொண்டீர்கள் என்று இத்தனை காலமும் மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். உங்கள் அடக்கத்தன்று மண் போடும்போதும் அதைத்தான் நினைத்தேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான். உண்மையை எழுதிக் கீழே என் முழுப் பெயரைப் பட்டத்தோடு போட்டு, மலரில் அச்சேற்ற வேண்டும் என்று.

எழுதி வரும்போது "என்னப் பாத்து சிரிங்க" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அதற்கு முந்தின வாக்கியத்தையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இதை நான் கேட்கவே இல்லை.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்களா? தெரியாது. நீங்கள் அவ்வளவு நல்லவர் என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெருமைக்கும் சொல்லியிருப்பீர்கள். கல்யாணத்தன்று சொன்னதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனால் மூக்கில் நீலத்தோடு கொல்லையில் நின்ற மனிதரை நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன். அவர் எதையும் செய்யக்கூடியவர்.

மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பையை வைத்ததும் முதலில் என் தோளில் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு இழுப்பாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அது போதும் என்று தோன்றுகிறது. போதாது என்றும் தோன்றுகிறது.

உறை தயார். பெரிய மருமகனின் விலாசம் எழுதியாயிற்று. மலரில் போடுவதானால் போடட்டும், படித்துவிட்டு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். கையெழுத்துக்கு விட்ட இடம் கீழே காலியாகத்தான் இருக்கிறது. அப்படியே தபாலில் போடப்போகிறேன்.