இருபது மீட்டரில் நிற்கும் கம்பம்

அனுப்புநர்:
கரை அளக்கும் பணியாளர் (தினக்கூலி),
கடலைப் பார்த்த தெரு, முதல் வீடு
(பணியில் சேர்ந்தபோது நான்காம் வீடு).

பெறுநர்:
உயர்திரு கோட்ட அலுவலர் அவர்கள்,
கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: அளவுக் கம்பத்தை என் சமையலறையில் நடுவது குறித்துத் தெளிவுரை கோருதல், எங்கள் கரையைச் சீரமைப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. ஒன்பது ஆண்டுகளாக, மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி எங்கள் கரையை அளந்து பதிவேட்டில் எழுதி வருகிறேன். வேலையில் சேர்ந்த அன்று ஓர் இரும்புக் கம்பம், ஒரு நாடா, ஒரு தாள் கொடுத்தார்கள். தாளில், "அளப்பதற்கு முன் கம்பம் அலைக்கோட்டிலிருந்து இருபது மீட்டரில் இருப்பதை உறுதி செய்க" என்று அச்சாகியிருந்தது. உறுதி செய்தேன். கடல் நெருங்கியபோதெல்லாம் கம்பத்தைப் பிடுங்கி, இருபது மீட்டருக்குத் தள்ளி நட்டு, பிறகு அளந்தேன். எப்போதும் இருபதுதான் வந்தது. மேற்பார்வையாளர் மாதாமாதம் கையெழுத்திட்டார். ஒருமுறை, "உன் கரை மாதிரி அடங்கின கரை எங்கயும் இல்லப்பா" என்று பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. இதற்கிடையில் மணல்மேட்டை வாரி லாரிகளில் ஏற்றிப் போனார்கள். மேட்டைப் பிடித்து வைத்திருந்த அடும்புக்கொடியும் அதோடு போயிற்று. அதன்பின் கடல் மூன்று வீடுகளை எடுத்துக்கொண்டது. முதலில் போனது என் அக்காவின் வீடு. அக்கா இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறார். மாற்று இடம் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பம், "பதிவேட்டின்படி கரை அரிப்பு இல்லை" என்று திரும்பி வந்தது. அந்தப் பதிவேடு நான் எழுதியது. "என் வீட்டுக்குள்ள மீன் நீந்துது தம்பி, உன் நோட்டுல மட்டும் கடல் வரவே மாட்டேங்குதேடா" என்றார் அக்கா. அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் தப்பாக அளக்கவில்லை ஐயா. ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. பிறகு எப்படி எல்லாம் பொய்யாயிற்று என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

3. மணல்மேட்டைத் திரும்ப எழுப்பி, அடும்பும் தாழையும் நடும் திட்டம் பக்கத்துக் கரைக்குக் கிடைத்தது. அங்கே இரண்டே மழைக்காலத்தில் மணல் தங்க ஆரம்பித்திருக்கிறது, ஆமைகளும் முட்டையிட வருகின்றன. எங்கள் கரை மேற்படி பதிவேட்டின் காரணமாகப் பட்டியலில் இல்லை.

4. சென்ற வாரம் நாடாவை இழுத்துப் பார்த்தேன். இருபதாவது மீட்டர் என் சமையலறைக்குள், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் விழுகிறது. தாளின்படி வரும் ஒன்றாம் தேதி கம்பத்தை அங்கேதான் நட வேண்டும். தளத்தை உடைக்க அலுவலக அனுமதி வேண்டுமா, வீட்டுக்காரர் சம்மதம் போதுமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் நான்தான். ஆனால் என் மனைவி, "கம்பம் உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்கிறார். வெளியே கடல் இருக்கிறது.

5. கம்பம் இதுவரை பதினேழு முறை நகர்ந்திருக்கிறது. பழைய குழிகள் இருந்த இடங்களை நினைவிலிருந்து வரைந்து இணைத்துள்ளேன். இரண்டு இடங்கள் மறந்துவிட்டன. தயங்கித் தயங்கி அக்காவிடம் கேட்டேன். தன் வாசற்படியிலிருந்து எத்தனை எட்டு என்று சட்டென்று சொன்னார். அந்தப் படி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மொத்தம் கூட்டினால் அறுபத்தொரு மீட்டர் வருகிறது.

ஆகவே பதிவேட்டைத் திருத்தி, அக்காவின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, மழைக்கு முன் எங்கள் கரையிலும் மேடு எழுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறு என்னுடையது என்றால் தண்டனையை எனக்குக் கொடுங்கள், கரைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றாம் தேதிக்குள் பதில் வராவிட்டால், கம்பத்தை நகர்த்தாமலே அளந்து, வருகிற எண்ணை எழுதுவேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்றுவரை தாள்படி நடந்த,
(கையொப்பம்)
கரை அளக்கும் பணியாளர்

இணைப்பு: பதினேழு குழிகளின் வரைபடம்.
நாள்: இம்மாதம் 26.
இடம்: என் வீட்டுச் சமையலறை, கடலிலிருந்து இருபது மீட்டர்.