அண்ணனுக்கும் ஒரு பாடு

ஆடி மாதம், பன்னிரண்டாம் நாள்.

ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று பாடு பிரிக்க இன்று ஊர் கூடி ஓலைச்சீட்டு எடுத்தது. கண் தெரியாத என் அண்ணனுக்குச் சீட்டே போடவில்லை.

"வலை இழுக்காதவனுக்கு இன்னாத்துக்குடா பாடு?" என்றார் ஊர்த் தலைவரான நாட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோட்டையில கீற உலாந்தாக்கார வெள்ளைக்காரன் வலை இழுக்குறானா? அவனுக்கு மட்டும் கூடை கூடையா மீன் அனுப்புறீங்களே!"

அண்ணன் சிரித்தான். "இழுக்குறதுக்குக் கை போதும் நாட்டாரே. திசை சொல்ல ஒருத்தன் கூட வந்தா சரி."

நாட்டார் தலை குனிந்தபடி அவன் பெயரை எழுதச் சொன்னார். அவனுடைய நாளில் ஊர்ப் பொதுவிலிருந்து தோணியும் இரண்டு ஆட்களும் வரும், மீன் அவனுக்கு.

நாட்டாரின் வெட்கம் ஆறுவதற்குள், கால் விளங்காமல் தனியாக இருக்கும் செல்லிக்கும் ஒரு பாடு கேட்டுவிட வேண்டும். நாளைக் காலையிலேயே.