மில்லுக் களத்தில் மழை

இன்று காலை கால் கழுவும்போது விரலிடுக்கில் ஒரு நெல் இருந்தது. நேற்று ஓடிய ஓட்டத்தில் சிக்கியது. உனக்குத்தான் இதை முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஆற்றங்கரை மில்லை முதலாளி விற்கப்போகிறார். தையல் தொழிற்சாலை வருகிறதாம். ஊரில் பலருக்குச் சந்தோஷம்தான். பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் எனக்கும் அங்கே ஏதாவது வேலை கிடைக்கலாம். ஆனால் நெல் காயப்போடும் களத்தைச் சுற்றி மதில் எழுப்பப்போவதாகக் கேள்விப்பட்டதும் எல்லோரும் அதையே கதைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சீமெந்துத் தரை இல்லாவிட்டால் நெல்லைத் தார் ரோட்டிலா பரப்புவது?

முதலாளியின் வாப்பா கட்டிய மில். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் எல்லோரையும் ஊரைவிட்டு அனுப்பியபோது அவர்களும் போனார்கள்; பிறகு யார் யாரோ நடத்தினார்கள். கடைசியில் ஷெல் விழுந்து, கூரைத் தகரமும் போய், புகைபோக்கியும் களமும் மிஞ்சின. நாங்கள் மீளக்குடியேறி வந்தபோது, கண்ணிவெடிப் பயமில்லாமல் கால் வைக்க அந்தத் தரைதான் இருந்தது. உங்கள் கொட்டிலும் எங்கள் கொட்டிலும் அதில் பக்கத்துப் பக்கத்தில். திரும்பி வந்த முதலாளி எங்களைப் பார்த்துவிட்டு, "இருங்கோ, முதல் கூரையைப் போடுவம்" என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறதா?

மில் மறுபடி ஓடியதும் நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போனாய். புழுங்கல் நெல்லை வெறுங்காலால் கோடு கோடாகக் கிண்டிக்கொண்டு நடப்பாய். நான் கம்பஸ் லீவில் வந்து கரையில் குந்தியிருப்பேன். மழை இருண்டால் யாருடைய நெல் என்று எவரும் கேட்பதில்லை. ரோட்டில் போகிறவர்களும் சைக்கிளைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, குவித்து மூட ஓடிவருவார்கள். வேலிச் சண்டையில் கதைபேச்சு இல்லாதவர்கள்கூட ஒரே படங்கின் இரண்டு முனையைப் பிடிப்பார்கள்.

அக்கரை மருதமரங்களுக்கு மேல் கறுப்பதை முதலில் காண்பது நான்தான். ஆனால் சத்தம் வராது. உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

"எடியே, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே? கத்தன்!" என்பாய். பிறகு நீயே, "மழை வருது, ஓடிவாங்கோ!" என்று கோயிலடி வரை கேட்கக் கத்துவாய். "சரி விடு. நீ பார், நான் கத்திறன். ரெண்டு பேருக்கும் சேத்துச் சம்பளம் கேப்பம்."

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன் செத்தவீட்டிலும் எனக்குச் சத்தமாக அழ வரவில்லை.

மில் இயந்திரம் நின்று நாளாகிவிட்டாலும் களத்தில் ஊர் நெல் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்றும் காய்ந்தது. இடத்தைப் பார்க்கக் கம்பனி ஐயா வந்திருந்தார். "பாதுகாப்புக்கு மதில் கட்டாயம்" என்றார். அந்த நேரம் பார்த்து அக்கரை கறுத்தது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை பக்கத்தில் உன் சட்டையைத் தேடியது.

பிறகு நான் கத்தினேன். "மழை வருது, ஓடிவாங்கோ!"

ரோட்டில் நின்ற மல்லாவி பஸ்ஸிலிருந்துகூட இரண்டு பேர் குதித்து வந்தார்கள். கம்பனி ஐயாவும் பதறி நெல்லுக்குள் கால் வைத்தார்.

"ஐயோ, சப்பாத்து! கழட்டிப்போட்டு வாங்கோ ஐயா!" என்று உன் அம்மா அதட்டினா. மனிதர் காலுறையோடு படங்கை இழுத்தார். மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, "இவ்வளவு சனமும் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"ரோட்டால போனவை" என்றார் முதலாளி.

"மதில் கட்டினா எப்பிடி ஐயா வருவினம்?"

கேட்டது நான். அவர் நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டே களத்தைப் பார்த்தார். "கதைச்சுப் பாக்கிறன்" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "மகள், இந்தச் சத்தத்தை இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தனீ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மதில் வருமா, வராதா தெரியாது. இன்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தா. அதைக் குடிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தக் கரகரப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.