ஃப்ரீசரில் மிச்சமிருந்த முருகேசன்

என் உயிர் மாப்ள முருகேசா,

நல்லா இருக்கியான்னு கேட்கத்தான் வாய் வருது. பழக்க தோஷம். பெட்டியில வச்சு மதுரை ஃபிளைட்டுல உன்னை ஏத்திவிட்டு வந்தவன் கேட்கிற கேள்வியா இது? துபாய் கராமா ரூம்ல உன் கட்டில் இன்னும் காலியாத்தான் கிடக்கு. ஒருத்தன் வந்து படுத்துப் பார்த்துட்டு, ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்குதுன்னு ஓடிட்டான். உன் பக்கம் காத்தே வரலைன்னு நீ வருஷக்கணக்கா சண்டை போட்டது எனக்கில்ல தெரியும்!

கிச்சன் சமாச்சாரத்துக்கு வர்றேன். உன்னைத் தெரியாதவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால கொஞ்சம் விளக்கியே எழுதுறேன், கோவிச்சுக்காதே. துபாய்ல இருக்கிற யூதக் குடும்பங்களுக்குப் பண்டிகைப் பலகாரம் செய்யுற பேக்கரி நம்மளது. மாவு பிசையுறது கீழக்கரை காதர், மடிக்கிறது பரமக்குடி முருகேசன். அடுப்பைப் பத்தவைக்கிறது மட்டும் ஷிமோன் பாய். பம்பாய்ல பிறந்த யூதர், நம்மகிட்ட இந்தியில பேசுவார். அவங்க ஆசாரம் தப்பாம எல்லாம் நடக்குதான்னு பார்க்கிறது அவர் டியூட்டி.

பூரிம் பண்டிகைக்கு முக்கோணமா மடிச்ச பிஸ்கட் போடுவோமே, அதுக்குள்ள கசகசா வைக்கிறதுதான் அவங்க வழக்கம். இந்த நாட்டுல பையில கசகசா இருந்தாலே போதைச் சாமான்னு ஜெயிலு. எல்லாரும் ஜாம் வச்சு ஒப்பேத்தினப்போ, நீதான் கறுப்பு எள்ளை வறுத்து, பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் சுக்கும் போட்டு இடிச்சே. "பார்த்தா கசகசா, தின்னா எள்ளுருண்டை"ன்னு சிரிச்சே. அப்புறம் கரக் டீ, குங்குமப்பூ, மாங்காயும் மிளகாயும்னு என்னென்னமோ வச்சுப் பார்த்தோம். ஆனாலும் ஆர்டர் குவிஞ்சது உன் எள்ளுக்குத்தான். "செத்தவங்களுக்கு இறைக்கிறதை இப்படி வாரி வாரி வைக்கிறியேடா"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க.

இந்த வருஷம் பூரிம் நோன்பு மாசத்துல வந்துச்சு. நோன்போட இனிப்பு ருசி பார்க்க எனக்கு முடியாது, எப்பவும் நீதான் எனக்கு நாக்கு. நீ அதுக்கு முன்னாடியே, ராத்திரி படுத்தவன் எந்திரிக்காமலே போய்ச் சேர்ந்துட்டே. ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. ஃப்ரீசரைத் திறந்தேன். நீ முன்கூட்டியே மடிச்சு அடுக்கின தட்டுங்க. ஒவ்வொரு முக்கோணத்திலயும் உன் அரைப் பெருவிரல் தடம். முன்னாடி நீ வேலை பார்த்த ராஸ் அல் கைமா டைல்ஸ் ஃபேக்டரியில மெஷின் நுனியைத் தின்னுச்சே, அந்த விரல். ஒரு தடத்துக்குள்ள என் விரலை வச்சுப் பார்த்தேன். குளிர் முழங்கை வரைக்கும் ஏறிருச்சு.

நான் புதுசா மடிச்சதெல்லாம் அடுப்புல வாயைப் பிளந்துச்சு. உன்னோடது ஒண்ணுகூடப் பிளக்கல. சரி, அது உன் கைராசி. ஆனா தட்டு தீரணும்ல? இதுதான் கடைசின்னு எடுப்பேன், மறுநாள் அதுக்கடியில இன்னொன்னு இருக்கும். இத்தனையை எப்படா மடிச்சே? ஷிமோன் பாய் ஒருநாள் கேட்டார், "இதெல்லாம் யார் மடிச்சது?"

"முருகேசன்."

"எப்போ?"

நான் தட்டை அடுப்புக்குள்ள தள்ளினேன். அவரும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

பூரிம் முடிஞ்சு ஒரே ஒரு தட்டு மிஞ்சுச்சு. அதை நான் சுடல. காலி டப்பாக்களுக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சேன். உன் கை பட்டதுன்னு வேற என்னடா இருக்கு எனக்கு? டியூட்டி முடியும்போது கதவைத் திறந்து பார்ப்பேன், சலாம் சொல்லுவேன், மூடுவேன். பைத்தியம்னு சொல்லிக்கோ.

அப்பத்தான் உன் வீட்டுக்காரி, செல்வி தங்கச்சி, போன் பண்ணுச்சு. அழும்னு நினைச்சேன். அழல.

"அண்ணே, காரியத்தன்னைக்கும் காக்கா சோத்தைத் தொடல, அமாவாசைக்கும் தொடல. ஓட்டு மேல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கு, எறங்க மாட்டேங்குது."

"ஏதாவது ஆசை மிச்சமிருக்குமோ என்னமோம்மா."

"ஆசை இல்லண்ணே. வர வழியில்லாம அங்கேயே நிக்கிறார் போல. அவரோடது எதையாச்சும் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

துணிமணியெல்லாம் அனுப்பிட்டேனேம்மான்னேன். தட்டைப் பத்திச் சொல்லல.

பின்னாலேயே அவங்க பஸ்கா பண்டிகை வந்துச்சு. அதுக்கு முன்னாடி மாவுப் பண்டம் ஒரு துணுக்குகூட கிச்சன்ல இருக்கக் கூடாது, தேடி எடுத்துக் கொளுத்தணும்னு அவங்க சட்டம். பொழுது சாஞ்சதும் ஷிமோன் பாய் ஒரு கையில மெழுகுவத்தி, ஒரு கையில துணுக்கைக் கூட்டி எடுக்க இறகு, மூலை மூலையாத் தேடிக்கிட்டே வந்தார். ஃப்ரீசர்கிட்ட வந்ததும் சுடர் படுத்துருச்சு. அவர் கதவைத் தொடல. "காதர், நீயே பாரு"ன்னார்.

மாஃபி, ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா நம்பிடுவார். நீ என்னோடயே இருப்பே. ஆனா ஓட்டு மேல அந்தக் காக்கா உட்கார்ந்தே கிடக்குமே, அந்தப் பொண்ணு சோத்தை வச்சுக்கிட்டு நிக்குமே! திறந்தேன். பின்னால ஒளிச்ச தட்டு, முன்னாலயே இருந்துச்சுடா. அல்லா மேல ஆணை, நான் நகர்த்தல.

மறுநாள் காலையில பின்பக்கம் இரும்பு அடுப்புல விறகு அடுக்கி, அந்தத் தட்டுல இருந்ததை மேல வச்சோம். ஷிமோன் பாய் அவங்க பாஷையில என்னமோ சொன்னார். அர்த்தம் கேட்டேன். என்கிட்ட இருக்கிற மாவு, நான் பார்த்ததும் பார்க்காததும், இனி என்னுது இல்ல, மண்ணோட மண்ணாப் போகட்டும்னு அர்த்தமாம்.

"பார்க்காததுமா?"

"ஆமா. அதுவும்தான்."

நான் பத்தவைக்கட்டுமான்னு கேட்டேன். தீப்பெட்டியைக் கையில கொடுத்துட்டு விலகி நின்னார். நாங்க மண்ணுக்குக் கொடுக்கிற சாதி, கொள்ளி வச்சுப் பழக்கமில்ல. இருந்தாலும் உனக்கு வச்சேன்டா. எள்ளு படபடன்னு வெடிச்சுச்சு. ஒரு மொறை, நெசமாவே, யாரோ பக்கத்துல நின்னு இருமின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு உங்க ஊர்ல சொல்வாங்களே, நான் திரும்பல. அழுதுகிட்டே உள்ளே வந்துட்டேன்.

செல்விகிட்ட இன்னும் பேசல. காக்கா எறங்குச்சான்னு கேட்கப் பயமா இருக்கு. ஹஜ் பெருநாளைக்கு லீவு போட்டிருக்கேன், உன் வாசல்ல வந்து நின்னு நேராக் கேட்டுக்கிறேன். பஸ்கா முடிஞ்சதும் புது மாவு வரும், நானே மடிப்பேன், பிளந்தா பிளந்துட்டுப் போகட்டும்.

நீ வராதே மாப்ள. நான் வர்றேன்.

செல்விக்கு அண்ணன்,
உனக்கு எந்நாளும் மச்சான்,
காதர்