கண் திறந்த தூக்கம்

மார்ச் 4
மகள் வீட்டுப் பெரிய பேத்தி ஓட்டத்தில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள். அவள் தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் ரத்தம் எங்கே போய் நிற்கிறது பார்! என்னோடு இருக்கும் மகனுக்கு ஒரே பெண். நாலு வயதுகூட ஆகவில்லை, சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாள். காரத்துக்காக நான் வைத்த பேர் மிளகு.

ராத்திரியில் மட்டும் அலறுகிறாள்.

மார்ச் 9
நேற்றும் அலறினாள். கண் விரியத் திறந்திருக்கிறது, எதிரில் இருப்பவரைத் தெரியவில்லை. தூக்கப்போன மருமகளை வயிற்றில் உதைத்தாள், தோளில் கடித்தாள். மகன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவன். விடியும் முன் கிளம்ப வேண்டும். "முழிச்சுக்கிட்டே நடிக்குது. கொழுப்பு!" என்று உலுக்கினான். உலுக்க உலுக்க அலறல் ஏறியது. இனி மதியம் தூங்க விடக் கூடாதாம். அலுத்துப்போனால் ராத்திரி கட்டையாகக் கிடப்பாளாம்.

மார்ச் 12
அலுத்துத்தான் போனாள். அலறல் இரண்டு மடங்கு.

மார்ச் 15
அடித்துவிட்டான். பட்டறைக் கை. சுவரில் மோதி விழுந்தாள்.

காலையில் வீங்கிச் சிவந்த காதோடு கண்ணாடி முன் நின்று கேட்கிறாள்: "பாட்டி, என் காதை யாரு கடிச்சா?" ஒன்றும் நினைவில்லை குழந்தைக்கு! அலறியதும் இல்லை, அறை வாங்கியதும் இல்லை. "கட்டில்லேருந்து விழுந்துட்டேடா கண்ணு" என்றான் அப்பன். அவளும் நம்பிக் கட்டிலை உதைத்தாள்.

மார்ச் 16
மருமகளும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டரம்மா சொன்னது: "கண்ணு திறந்திருந்தாலும் அது தூக்கம்தான். எழுப்பாதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. எங்கேயும் இடிச்சுக்காம பக்கத்துல இருங்க, தானே அடங்கும். அலுப்பு கூடினா இதுவும் கூடும். மதியம் தூங்கட்டும், சாயங்காலம் சீக்கிரம் படுக்க வைங்க." பிறகு காதைப் பார்த்தார். "இது விழுந்த காயம் இல்லையே?"

மருமகள் தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "என் மகன் அடிச்சான்."

மார்ச் 17
வலது கை கட்டுக்குள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

நேற்று ராத்திரி மறுபடி கையை ஓங்கினான். அவன் சுத்தியலையே எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"பெத்த பிள்ளையையே அடிப்பியா?" என்று என்னைக் கேட்டான்.

"அவ கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்குறா. நீ முழிச்சுக்கிட்டு அடிக்கிறே. தொடுடா பார்ப்போம்!"

தள்ளினான். மணிக்கட்டு முறிந்தது. விழும்போது சுத்தியலை வீசினேன். அவன் முட்டியில் பட்டது. கை தவறி ஒன்றும் இல்லை, குறி பார்த்துத்தான் வீசினேன். இத்தனை ரகளையிலும் மிளகு தானே அடங்கி, திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டாள்!

விடிந்ததும் அவளையும் மருமகளையும் மகள் வீட்டுக்கு பஸ் ஏற்றினேன். அப்புறம்தான் கைக்குக் கட்டு.

மார்ச் 20
நொண்டிக்கொண்டு கிளம்பினான். "போய்க் கூட்டிக்கிட்டு வரேன்."

"எனக்கு இன்னொரு கை இருக்கு. அதையும் முறிச்சுட்டுப் போ."

உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 2
மருமகள் போனில் பேசினாள். "மதியம் நல்லா தூங்குறா அத்தை. எப்பவாவது அலறுறா. நாங்க சும்மா பக்கத்துல உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். நேத்து விடியுற வரைக்கும் அசையவே இல்லை."

கோப்பையாவது, நூறாவது! இதுதான் பெரிசு.

மகன் கதவோரம் நின்று, "தூங்குறாளாம்மா?" என்றான். நான் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

என் பட்டன் போனில் படம் வராது. மருமகளிடம் சொன்னேன்: "புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடும்மா. அவ தூங்கும்போது எடு. அந்தக் காது ஆறியிருக்கிறது தெரியணும்."